எழுநூறு ரூபாய் மோர்

தேர்தல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் மேலாளர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்த நாலு வரி எழுதிக் குடுங்க சார்" என்றார். நாலு வரியில் என்னால் ஒரு விடுப்பு விண்ணப்பம்கூட எழுத முடிந்ததில்லை என்பதை அவர் மறந்துவிட்டார். நான் விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன். அது என் விருப்பமா, அலுவலகத்தின் விருப்பமா என்பதை நீங்களே விசாரித்துக்கொள்ளலாம். இரண்டு பதிலும் கிடைக்கும்.

எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. ஒரு வாக்கியம் எழுதுவேன், வாசல் வரை நடப்பேன், வந்து அதை அடிப்பேன். "ஒண்ணு எழுதுங்க, இல்ல நடங்க. ரெண்டையும் சேத்துச் செஞ்சா எனக்குல்லா தல சுத்துது" என்கிறாள் மனைவி. அவள் மேல் தப்பில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயத்தை நினைத்தாலே நாற்காலியில் ஆணி முளைக்கிறது. அலுவலகத்தில் எனக்கிருந்த நாற்காலிக்கு நிஜமாகவே ஆணி உண்டு. வீட்டு நாற்காலி நல்ல நாற்காலி. ஆகவே குறை என்னிடம்தான்.

விதிகளை நான் விளக்கப் போவதில்லை. கைநூல் தந்திருப்பார்கள், படியுங்கள். இந்தக் கதைக்கு மூன்று விதிகள் போதும். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறவர் இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. முடிவு அறிவித்தபின் குறித்த கெடுவுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவரும் கொடுக்க வேண்டும், தோற்றவரும் கொடுக்க வேண்டும். அடுத்தவர் சும்மா கொடுத்ததையும், கொடுத்தவர் பெயரோடு, அதற்கொரு மதிப்புப் போட்டுக் கணக்கில் காட்ட வேண்டும். வரம்பைத் தாண்டினாலும் வம்பு, கெடுவைத் தாண்டினாலும் வம்பு. ஜெயித்த பதவி கையை விட்டுப் போகலாம், அடுத்த தேர்தலில் நிற்கவும் தடை வரலாம்.

இந்த விதிகளைப் படித்துவிட்டு ஜனங்கள் கொடுக்கும் கணக்குகளைப் படித்தால், தாமிரபரணிக் கரையைப் போல முனிவர்கள் வாழும் பிரதேசம் வேறில்லை என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் வேட்பாளர்கள் நடந்தே ஊர் சுற்றுவார்கள். பகலுக்கு ஒரு தேநீர். கூட வந்த நூறு பேருக்கு ஆசையே கிடையாது. பாபநாசத்து மலையேறித் தவம் செய்ய வேண்டியவர்கள் வழி தவறிப் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றுவிட்டார்கள் போலிருக்கும். நான் இருந்த ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரில் ஒரு தட்டச்சுக் கடை இருந்தது. ஒருவரையொருவர் முகம் பார்க்காத மூன்று எதிரிகளின் கணக்கும் அங்கிருந்து ஒரே எழுத்துப் பிழைகளோடு வரும்.

அதனால் உங்கள் மூக்கு ஒரே திசையில் பழகிவிடும். கணக்கைக் கையில் வாங்கியதுமே, எதைக் குறைத்திருக்கிறான் என்று மோப்பம் பிடிப்பீர்கள். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். எதிர்த் திசையிலிருந்து ஒரு பொய் வந்தபோது எனக்கு முதலில் வாசனையே தெரியவில்லை.

எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒரு அம்மா. பெயர் வேண்டாம். குரலை உயர்த்த மாட்டார்; நாங்கள்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கணக்கு வாங்கும் மேசையில் என்னை உட்கார வைத்தபோது ஒன்றே ஒன்று சொன்னார்: "கணக்கு அவங்களோடது, முத்திரை நம்மளோடது. அவங்க தாள்ல உங்க பேனா படக்கூடாது. ஒரு புள்ளி வச்சாலும் அது உங்க கணக்காயிரும்."

அப்போது எனக்கு இது சின்ன விஷயமாகப் பட்டது. பேனா வைத்திருப்பவனுக்கு எல்லாமே சின்ன விஷயம்தான்.

கெடுவின் கடைசி நாள். சாயந்தரம் ஐந்து மணிக்கு மேசை மூட வேண்டும். அம்மா கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போய்விட்டார். கூட்டத்துக்குள் போனால் கைபேசியை அணைத்துவிடுவார். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார்.

அண்ணாச்சி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஆற்றுக் கால்வாய் ஓரம் ஒரு ஊர். அங்கே ஒருகாலத்தில் வயல் வைத்திருந்த வீடு அவருடையது. வயல் போய், இப்போது வீட்டின் நீளமும் பேச்சின் நீளமும்தான் மிச்சம். தலைவர் பதவிக்கு இரண்டு தடவை நின்று தோற்றவர், மூன்றாவது தடவை ஜெயித்துவிட்டார். கணக்கைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். பார்க்கவே கண் நிறைந்தது. கரும்பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை, கூட்டல் சுத்தம். கடைசிப் பக்கத்தில் மொத்தத்தைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"அண்ணாச்சி, எங்கயோ ஒரு சைபர் கூடிட்டு போல."

"கூடல. சரியாத்தான் இருக்கு."

"வரம்பு எவ்வளவுன்னு…"

"தெரியும் தம்பி. நான் பள்ளிக்கூடம் நடத்துனவன், பஸ்ஸ்டாண்டு நடத்தல."

என் பணிக்காலத்தில், வரம்பைத் தாண்டியதாகத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்த முதல் ஆள். நான் வரிகளை வாசித்தேன். தொண்டர்களுக்குப் பாயாசத்தோடு இலைச் சாப்பாடு. வாடகை ஆட்டோ, பிரசாரம் நடந்த அத்தனை நாளும், தாராளமான வாடகையில். ஒலிபெருக்கி. கூட வந்தவர்களுக்குத் துண்டு. அவர்கள் ஊரில் அப்படி ஒரு தேர்தலே நடக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கண்காணிப்புக்காக நானே போயிருந்தேன். அண்ணாச்சி, கரையேறிய நாரையைப் போல முன்னால் நடந்து ஓட்டுக் கேட்டார். ஆட்டோக்காரர் துட்டு வாங்காமல் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். இட்லிக் கடைப் பேச்சியம்மா தூக்குவாளியோடு வந்து கூட வந்தவர்களுக்கு ஊட்டிவிடாத குறை.

"நீங்க இதெல்லாம் செலவழிக்கலியே அண்ணாச்சி?"

அவர் எதிர்ப் பெஞ்சைப் பார்த்தார். அங்கே காலை ஆட்டிக்கொண்டு கணபதி உட்கார்ந்திருந்தான். தோற்ற வேட்பாளர். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவன், கையில் காசு புழங்குகிறவன், அண்ணாச்சிக்குத் தங்கை மகன் முறை. தன் கணக்கை எப்போதோ கொடுத்துவிட்டான். காலையிலிருந்து அவன் அங்கே இருப்பது மாமாவின் கணக்கைப் பார்க்கத்தான். கைபேசியைப் படமெடுக்கத் தோதாகப் பிடித்திருந்தான்.

அண்ணாச்சி குனிந்து என்னிடம் பைய சொன்னார்: "ஊருக்குள்ள என்ன பேரு வச்சிருக்கான் தெரியுமா? ஓசி இட்லித் தலைவர். நாளைக்கு இந்தக் கணக்க நோட்டீஸ் போர்டுல ஒட்டுவீங்க. ஆட்டோ ஓசி, இட்லி ஓசி, மைக்செட்டு ஓசின்னு எங்க வீட்டுப் பேரு அங்கன தொங்கணுமா? எங்க வீட்டுல சாப்பிட்டவங்கதான் உண்டு தம்பி. நாங்க யாரு கையிலயும் வாங்கித் தின்னதா எழுத்து கெடையாது."

"பதவி போயிரும் அண்ணாச்சி."

"போவட்டும். பேரு நிக்கும்லா."

இப்போது என் நிலையைப் பாருங்கள். நாலு வரிகளை அடித்தால் போதும், கணக்கு வரம்புக்குள் வந்துவிடும். பேனா என் சட்டைப்பையில் இருக்கிறது. எதிரே கணபதியின் கைபேசி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் குரலும் காதில் இருக்கிறது. அப்படியே முத்திரை குத்தி வாங்கிவிட்டால் என் வேலை முடிந்தது. மூன்றாவது தடவை நின்று ஜெயித்த மனுஷரின் பதவியும் அங்கேயே முடிந்தது. எழுந்தேன். ஜன்னல் வரை போனேன். வெளியே ஒன்றுமில்லை. திரும்பி வந்தேன்.

அடுத்து நான் சொன்னதைச் சாமர்த்தியம் என்று எங்கள் அலுவலகத்தில் பின்னால் சிலர் புகழ்ந்தார்கள். உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பசி. என் டிபன் பாக்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. மனுஷர் கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் போனால் தேவலை என்று பட்டது. கைநூலில் இருந்த ஒரு வரியைச் சொன்னேன்.

"குடுத்த துட்டுக்கு வாங்குனவங்க கையெழுத்துப் போட்ட ரசீது வேணும் அண்ணாச்சி. அது இல்லாம நான் வாங்க முடியாது."

"அவ்வளவுதானே? வாங்கிட்டு வாரேன்" என்று போனார்.

கணபதி பெஞ்சிலிருந்து, "மாமா, அஞ்சு மணி!" என்றான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சாப்பிட்டேன். மணி மூன்றானது. வரவில்லை. அலுவலகத்தில் மின்விசிறி நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. வேறு ஊர்க் கணக்குகள் இரண்டு வந்தன. எதை வாங்கினேன் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்ல முடியாது. வராண்டாவில் நடந்தேன். கணபதியும் எழுந்து நடந்தான். ஒருவர் கிழக்கே போனால் ஒருவர் மேற்கே வந்தோம். நடுவில் சந்திக்கும்போதெல்லாம் இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

நாலு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கவில்லை. முதலில் இறங்கியவர் ஆட்டோக்காரர் அந்தோணி. கடற்கரைப் பக்கத்து ஆள், பெண்ணெடுத்த ஊரில் தங்கிவிட்டவர்; அலைக்கு மேலே பேசிப் பழகிய குரல். பின்னால் பேச்சியம்மா. அதற்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அண்ணாச்சி.

"யாரு சார் இங்க ஆபீசரு?" என்றார் அந்தோணி, நான் ஒருவன்தான் அங்கே இருந்தபோதும். "நான் எப்ப சார் இவர்ட்ட துட்டு வாங்குனேன்? ரசீதுல கையெழுத்துப் போடுன்னு வாராரு. போட்டா என்ன அர்த்தம்? அந்தோணி கூலிக்கு வண்டி ஓட்டுனான்னு அர்த்தம். என் மாமனார் ஊர்ல நான் எந்த மூஞ்சியோட இருக்க?"

"அந்தோணி, கத்தாதயும். ஆபீசு" என்றார் அண்ணாச்சி.

"நீரு பேசாதயும் அண்ணாச்சி. துட்டு தாரேன்னு கணபதி என்னைய ரெண்டு தடவ கூப்பிட்டாரு. இந்தா உக்காந்திருக்காருல்லா, கேளுங்க. வரமாட்டேம்னேன். இப்ப உம்ம கணக்குல நான் வாடகைக்காரனா?"

பேச்சியம்மா இன்னும் கிட்டே வந்தாள். "எனக்கு இலைச் சாப்பாட்டுக்குத் துட்டு குடுத்ததா எழுதியிருக்காகளாம். பாயாசமாம்! நான் என்னைக்குப் பாயாசம் வச்சேன்? நான் குடுத்தது இட்லி. எங்கையால அவிச்ச இட்லி. அத ஒரு வார்த்த சொல்லல. நாங்க வேல பாத்தது உங்க வீட்டுப் பேருக்கா அண்ணாச்சி, ஊருக்கா? பதவி போனா போவட்டும்னா, எங்க இட்லி ஆத்துல போட்டதா?"

அண்ணாச்சி என் மேசைக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். தன் மானத்தைக் காப்பாற்ற எழுதிய கணக்கு இரண்டு பேரின் மானத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறது என்பது அவருக்கு வழியிலேயே தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் கெடுத்திருப்பேன். மேசையில் உட்கார்ந்திருக்கிறவன் செய்யக்கூடிய பெரிய உபகாரம் சில சமயம் மேசையாகவே இருப்பதுதான்.

கடைசியில் அவர் தன் அழகான கணக்கை எடுத்து நாலாகக் கிழித்தார். "வெள்ளத் தாள் குடுங்க" என்றார். படிவம் கொடுத்தேன்.

"அந்தோணி, ஆட்டோ. இலவசம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அந்த 'இலவசம்' என்ற சொல்லில் பேனா ஒரு கணம் நின்றுதான் நகர்ந்தது.

தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. சும்மா கிடைத்ததற்கும் மதிப்புப் போட வேண்டும். அதற்கு மாவட்டத்தில் ஒரு விலைப் பட்டியல் இருந்தது. ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, இட்லிக்கு இவ்வளவு என்று. நான் வாசித்தேன்.

அந்தோணி பட்டியலை எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கு யாரு சார் ஆட்டோ ஓட்டுவா? கூடப் போடுங்க."

"பட்டியல்ல உள்ளதுதான் போட முடியும்."

"இட்லிக்கு என்ன போட்டிருக்கு?" என்றாள் பேச்சியம்மா. சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்த மேலதிகாரியிடமும் நான் வாங்கியதில்லை. "இந்த வெலைக்கு விக்கித இட்லிய நீங்க திம்பியளா? சட்னி எங்க? சட்னிக்குத் தனியாப் போடுங்க. சாயந்தரம் சுக்குக் காப்பி குடுத்தேன், அத எழுதுங்க. மொத நாளு ஒரு மால வாங்கிப் போட்டேன், அதும்."

"நானும் மால போட்டேன்" என்றார் அந்தோணி. "வண்டியில கட்டுன கொடித் துணியும் எந்துட்டு. மைக்செட்டுக்காரரு வரல, அவரு குடுத்ததையும் விடாம எழுதுங்க அண்ணாச்சி, பொறவு அவரு சங்கடப்படுவாரு."

ஆளுக்கு ஆள் தாங்கள் கொடுத்ததை ஞாபகப்படுத்தப் படுத்த, கணக்கு மறுபடி ஏறத் தொடங்கியது. காலையில் ஒருவருடைய கௌரவம் வரம்பைத் தாண்டியது. இப்போது மூன்று பேருடைய கௌரவம் அதே வரம்பை நோக்கிக் கிளம்பிவிட்டது. கால்குலேட்டரை எடுத்தேன். கால்குலேட்டர் பேனா ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு வரிக்கும் தட்டினேன். கடைசி மாலையைக் கூட்டியபோது, வரம்புக்கு எழுநூறு ரூபாய் கீழே நின்றது. மூச்சு விட்டேன். ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"சார், ஒண்ணு விட்டுப்போச்சு" என்றான் கணபதி.

எழுந்து மேசைக்கு வந்திருந்தான். முகத்தில் காலையிலிருந்து காத்திருந்தவனின் திருப்தி. "கடேசி நாளு மத்தியானம் எங்க தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தாரு. எங்க வீட்டு வாச நடையில மோரு குடிச்சாரு. கணக்குல காணுமே? ஓசில வாங்குனது எல்லாத்தையும் எழுதணும்லா? எழுதலன்னா பொய்க்கணக்கு. நான் மனுப் போடுவேன்."

அண்ணாச்சியின் முகம் மாறியது. "ஏலே, அது…"

"குடிச்சீங்களா இல்லியா மாமா?"

"குடிச்சேன்."

அம்மாவுக்குக் கைபேசியில் அடித்தேன். அணைத்திருந்தது. கைநூலைப் புரட்டினேன். மோர் பற்றி ஒன்றும் இல்லை. தாகத்துக்குக் கொடுத்த தண்ணியெல்லாம் தேர்தல் செலவாகாது என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். நான் சொன்னதாக அவன் மனுவில் எழுதுவான். சரி, தேர்தலுக்காகக் கொடுத்ததா இல்லையா என்பதைக் கொடுத்த வீட்டையே கேட்போம் என்று தோன்றியது. யோசித்துத் தோன்றியதல்ல, வேறொன்றும் தோன்றாததால் தோன்றியது.

"கணபதி, அந்த மோரு தாகத்துக்குக் குடுத்ததா, தேர்தலுக்குக் குடுத்ததா?"

"ஓட்டுக் கேட்டு வந்த ஆளுக்குக் குடுத்தது சார். தேர்தலுக்குத்தான். அப்படியே எழுதச் சொல்லுங்க."

அண்ணாச்சி அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். ஆசிரியராக இருந்த காலத்தில், தப்பான பதிலை உரக்கச் சொன்ன பையனை இப்படித்தான் பார்த்திருப்பார். பேனாவை எடுத்தார்.

"எழுதுதேன். யாரு குடுத்தா? பேரு போடணும்லா."

"…எங்க வீட்டுல."

"வீடு மோரு குடுக்குமால? பேரு."

"கோமதி."

"கோமதி" என்று எழுதினார். "கணவர் பேரு கேட்டிருக்கு. க, ண, ப, தி. சரியா? 'தேர்தலுக்காக வழங்கியது, மோர், ஒரு செம்பு.' நீ சொன்னபடியே போட்டுட்டேன்."

அந்தோணிதான் முதலில் சிரித்தார். பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணபதிக்கு அப்போதுதான் நோட்டீஸ் போர்டு கண்ணுக்குத் தெரிந்தது. அவனை எதிர்த்து நின்றவரின் தேர்தல் பணிக்கு அவன் பெண்டாட்டி நன்கொடை வழங்கியதாக, அவன் பெயரோடு, ஊர் முழுக்க நின்று வாசிக்கப் போகிறது.

"மாமா… சவத்த விடுங்க மாமா. மோரு வேண்டாம்."

"விட்டா பொய்க்கணக்குன்னு நீதானல சொன்ன?"

"நான் மனுப் போடல."

"நீ போட வேண்டாம். எனக்கே அது உண்மைன்னு தெரியுமே. தம்பி, மோருக்குப் பட்டியல்ல என்ன வெல?"

பட்டியலை மேலிருந்து கீழ் பார்த்தேன். தேநீர் இருந்தது, காப்பி இருந்தது, எலுமிச்சைச் சாறும் சோடாவும் இருந்தன. மோர் இல்லை. பட்டியலில் இல்லாததற்கு வேட்பாளரே நியாயமான மதிப்பைக் குறிக்கலாம் என்பது எங்கள் மேசையின் நடைமுறை. அதைச் சொன்னேன்.

"வரம்புக்கு எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"எழுநூறு."

எழுநூறு என்று எழுதினார்.

"அண்ணாச்சி!" என்றேன். "ஒரு செம்பு மோரு எழுநூறு ரூவாயா? நியாயமான மதிப்புன்னா…"

"தம்பி, அன்னைக்கு வெயிலு தெரியுமா? அந்த நடையில நான் ஓட்டுக் கேட்டு நிக்கல. மயங்கி விழுந்து கெடந்தேன். கூட வந்தவங்க அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க. எதிராளி வீடுன்னு அந்தப் பிள்ள யோசிக்கல. தலையத் தூக்கி மடியில வச்சு ஊத்துச்சு. அந்த மோரு எறங்கலன்னா இப்ப நீங்க கணக்கு வாங்குதது யார்ட்ட? என் உசுருக்கு நான் எழுநூறு போட்டிருக்கேன். சாஸ்தின்னா நீரே சொல்லும்."

சொல்லுங்கள் தம்பிகளே, தங்கைகளே. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கடிகாரம் ஐந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கணபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மயங்கி விழுந்த சங்கதி அவனுக்குத் தெரியாது என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது; மோர் குடித்தார் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருக்கிறாள். வரம்புக்கு ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொல்லிக் கொடுத்துச் செய்தது போல இருந்தது. முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

அம்மா மறுநாள் காலையில் அந்தக் கணக்கைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். "உங்க பேனா படலையே?" என்றார். "படலம்மா" என்றேன், கொஞ்சம் பெருமையாக. அவர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "முத்திரை பட்டிருக்கு" என்றார். அவ்வளவுதான். கணக்கு ஏற்கப்பட்டது, யாரும் மனுப் போடவில்லை, அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சொன்னது பாராட்டா, கண்டனமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை. பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

ஐந்து ரூபாய் மோருக்கு எழுநூறு போட்ட கணக்கு பொய்க்கணக்கா? பாயாசத்தைக் காலையில் ஏற்க மாட்டேன் என்றவன் மோரை மாலையில் ஏற்றது எந்த நியாயத்தில்? பாயாசம் நடக்கவே இல்லை, மோர் நடந்தது என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். பகலில் அது நல்ல பதிலாக இருக்கிறது. நடக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். உங்களுக்கு விடை சுலபமாகக் கிடைத்தால், கிடைத்த விடையை ஒரு தரம் சந்தேகப்படுங்கள் என்பதுதான் நான் தரக்கூடிய ஒரே புத்திமதி.

இதோடு முடித்திருக்கலாம். முடிக்க விடவில்லை ஒரு ஆள்.

கணக்கு ஒட்டிய வாரம் நோட்டீஸ் போர்டின் முன்னால் எப்போதும் நாலு பேர் நின்றார்கள். ஒருநாள் ஒரு பெண் வந்து, அந்தக் கடைசிப் பக்கத்துக்கு நகல் வேண்டும் என்று கட்டணத்தோடு மனுக் கொடுத்தாள். மனுவில் பெயர் கோமதி. நகலை வாங்கி, தன் பெயர் இருந்த வரியை விரல் வைத்து வாசித்தாள். நான் சங்கடத்தோடு, "வீட்டுல ஏதும் பிரச்சின இல்லியேம்மா?" என்றேன்.

"ரெண்டு நாளு பேசல. நேத்து அவுகளே மாமா வீட்டுக்குத் தயிரு வாங்கிக் குடுத்துட்டு வந்தாக" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி தாளைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுருக்கினாள்.

"சார், இதுல ஒண்ணு விட்டுப்போச்சே."

அந்தக் குரல் எனக்கு ஏற்கெனவே கேட்ட குரல் மாதிரி இருந்தது. ஒரே வீடு அல்லவா? "என்னதும்மா?"

"மோரு குடிச்சுத் தெளிஞ்சதும் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் குடுத்தேன். அத எழுதலியே?"

நான் கணக்கை மனதுக்குள் ஓட்டினேன். வரம்பில் ஒரு ரூபாய்கூட இடமில்லை. ஒரு துண்டு ஊறுகாய் ஏறினால் தலைவர் இறங்க வேண்டும். என் முகத்தில் என்ன கண்டாளோ, நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எழுத வேண்டாம் சார். சும்மா உங்க காதுல போட்டு வச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போட்டது போட்டபடி இத்தனை காலம் என் காதிலேயே கிடந்தது. இப்போது உங்கள் காதிலும் போட்டுவிட்டேன். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.